பொருள்நோக்கு நிரலாக்கத்தில் மரபுரிமம்: கலைச்சொல்லும் கருத்து மயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று மரபுரிமம். ஒரு வகுப்பின் தரவுகளையும் செயற்கூறுகளையும் மற்றொரு வகுப்பு தனதாக்கிக்கொள்ளும் முறை என அது பொதுவாக வரையறுக்கப்படுகிறது. தம்முள் வேறுபட்ட இரண்டு உறவுகள் இவ்வரையறைக்குள் அடங்கியுள்ளன. ஒன்று, முன்னரே எழுதப்பட்ட நிரலைச் சார்ந்து புதிய நிரலை எழுதுதல். மற்றொன்று, ஒரு வகைப் பொருள் வேண்டப்படும் இடத்தில் வேறொரு வகைப் பொருள் தடையின்றி நிற்றல். இவற்றை ஒன்றாகக் கொள்வதால் நேரும் மயக்கத்தை ஜாவா மொழியின் நிரல் நூலகச் சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் வழங்கும் ‘மரபுரிமம்’, ‘இனக்குழு’ என்னும் கலைச்சொற்கள் அம்மயக்கத்தை மிகுவிக்கின்றன என்பதும், கற்பித்தலில் இவ்விரு உறவுகளையும் பிரித்துக் காட்டல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பொருள்நோக்கு நிரலாக்கம், மரபுரிமம், வகுப்பு, பதிலீடு, சார்பு, கலைச்சொல்லாக்கம், ஜாவா.

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் கலைச்சொற்களைப் பெரும்பாலும் அவற்றின் தமிழ்மை, சுருக்கம், ஒலிப்பெளிமை ஆகிய அளவுகோல்களால் மதிப்பிட்டு வந்துள்ளன. ஒரு கலைச்சொல் தான் சுட்டும் கருத்தைக் கற்பவர் மனத்தில் எவ்வாறு வடிவமைக்கிறது என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. கணினி அறிவியலில் இவ்வினா இன்றியமையாதது. நிரலாக்கக் கருத்துகள் கண்ணால் காணத்தக்க பொருள்கள் அல்ல என்பதால், கற்பவர் முதலில் பற்றிக்கொள்வது சொல்லையே. அச்சொல்லின் வழக்குப் பொருள் எதுவோ அதுவே கருத்தின் பொருளாகவும் கொள்ளப்பட்டுவிடும்.

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல்களில் வழங்கும் ‘மரபுரிமம்’ என்னும் சொல்லை இந்நோக்கில் ஆராயலாம். இச்சொல்லை நீக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அச்சொல் எவற்றை எதிர்பார்க்கச் செய்கிறது, செயல்முறை அவற்றுள் எவற்றைப் பொய்க்கச் செய்கிறது என்று காண்பதே நோக்கம். பாடநூற் சொற்களை எடுத்தாளும் இடங்கள் தவிர, ஏனைய இடங்களில் ‘வகுப்பு’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

1. கலைச்சொல்லின் பொருட்புலம்

‘மரபுரிமம்’ மரபு, உரிமம் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. தமிழில் ‘மரபு’ முன்னோர் வழிவந்த முறைமையைக் குறிக்கிறது. மரபணு, மரபியல் முதலிய இக்காலச் சொற்களில் அது உயிரியல் வழித்தொடர்ச்சியையும் குறிக்கிறது. ‘உரிமம்’ உரிமையோடு தொடர்புடையது. ஆகவே இக்கலைச்சொல்லைக் கேட்கும் மாணவர் மனத்தில் குடும்பச் சொத்து, பெற்றோர் வழிப் பண்பு ஆகிய இரு காட்சிகளே தோன்றும். வகுப்பறைகளில் தந்தை, மகன் உறவை எடுத்துக்காட்டாகக் கூறும் வழக்கமும் இதற்கு அரணாகிறது.

‘இனக்குழு’ என்னும் சொல்லோ இக்காட்சியை மேலும் விரிக்கிறது. சங்க இலக்கிய ஆய்விலும் மானிடவியலிலும் ‘இனக்குழுச் சமூகம்’ என்பது குருதியுறவால் பிணைந்த மக்கள் கூட்டத்தைச் சுட்டும் நிலைபெற்ற வழக்கு. நிரலாக்கத்தில் வகுப்பு என்பது பொருள்களை உருவாக்குதற்குரிய வரையறை. அதனை இனக்குழு என்றும், அதன் நீட்சியை மரபுரிமம் என்றும் வழங்கும்போது, ஆங்கில வழக்கில் உள்ளதைக் காட்டிலும் அடர்ந்த குருதியுறவு உருவகம் தமிழில் அமைந்துவிடுகிறது.

இவ்வுருவகம் இரண்டு எதிர்பார்ப்புகளைத் தோற்றுவிக்கிறது. முதலாவது, பெறுதல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. சொத்து கைமாறியபின் அது பெற்றவருக்கே உரியது. பிறப்பாலேயே உரிமை எய்தும் கூட்டுக்குடும்பச் சொத்தும்கூடப் பாகப்பிரிவினையால் தனித்தனி உடைமையாகிவிடும். மரபணுவும் கருவுறுதலோடு கையளிக்கப்பட்டுவிடுகிறது. பின்னாளில் தந்தைக்கு நேரும் மாற்றம் மகனின் உடலை மாற்றுவதில்லை. இரண்டாவது, வழித்தோன்றலிடம் எதிர்பார்க்கப்படுவது ஒப்புமை மட்டுமே. மகன் தந்தையை ஒத்திருக்கலாம். ஆனால் தந்தை நிற்கவேண்டிய எல்லா இடங்களிலும் மகனே நின்றாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நிரலாக்க மரபுரிமத்தின் இயல்பு இவ்விரு எதிர்பார்ப்புகளுக்கும் மாறானது.

2. முன்னொட்டு என்னும் பழைய பெயர்

மரபுரிமத்தின் தொடக்கத்தை நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் காண்கிறோம். நார்வேக் கணிப்பு மையத்தில் ஓலே யோகான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வகுப்பும் அதன் துணைவகுப்பும் இடம்பெற்றன. அம்மொழியில் இம்முறைக்கு வழங்கிய பெயர் குருதியுறவு சார்ந்ததன்று. ஒரு வகுப்பின் பெயரை மற்றொரு வகுப்பின் அறிவிப்புக்கு முன்னால் எழுதுவதால் அது ‘முன்னொட்டிடுதல்’ எனப்பட்டது. வரிசைகளைக் கையாள்வதற்காக அம்மொழியில் அமைந்திருந்த ‘லிங்க்’ என்னும் வகுப்பை இதற்குச் சான்றாகக் காட்டலாம். ‘லிங்க்’ என்பதை முன்னொட்டாகப் பெற்ற எந்த வகுப்பின் பொருளும் வரிசையில் இணையும் தகுதியைப் பெறும். ஊர்தியும் வாடிக்கையாளரும் ஒரே முன்னொட்டைப் பெற்று வெவ்வேறு வரிசைகளில் நிற்கலாம். அதனால் அவ்விரண்டும் ஓரினம் ஆகிவிடுவதில்லை.

முன்னொட்டு என்பது தமிழிலக்கண மாணவர்க்கு அயலான கருத்தன்று. சொல்லின் முன் ஒட்டி அதன் பொருளை மாற்றும் உறுப்பை நாம் அவ்வாறே வழங்குகிறோம். ஒட்டும் சொல்லும் உறவினர் என்று எவரும் கருதுவதில்லை. சிமுலாவின் செயல்முறையும் இப்பெயருக்குப் பொருந்தியது. முன்னொட்டு வகுப்பின் செயற்பகுதியில் ‘இன்னர்’ என்னும் குறிச்சொல் நிற்கும் இடத்தில் துணைவகுப்பின் செயற்பகுதி வந்து பொருந்தும். அவ்விடத்தைத் தீர்மானிப்பது முன்னொட்டு வகுப்பே. இரு பனுவல்களை ஓர் ஒழுங்கில் இணைக்கும் முறையாகவே இது புரிந்துகொள்ளப்பட்டது.

சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில் நிலை மாறியது. 1972ஆம் ஆண்டின் ஸ்மால்டாக்கில் மரபுரிமம் இல்லை. 1976ஆம் ஆண்டின் வடிவத்தில் அது சேர்க்கப்பட்டது. மேல்வகுப்பு, கீழ்வகுப்பு, மரபாகப் பெறுதல் என்னும் சொல்லாட்சிகள் ஸ்மால்டாக் நூல்கள்வழிப் பரவின. ஆனால் அம்மொழியில் உண்மையில் நிகழ்வது பெறுதல் அன்று, தேடுதல். ஒரு பொருளுக்குச் செய்தி அனுப்பப்பட்டால் அதற்குரிய செயற்கூறு முதலில் அப்பொருளின் வகுப்பில் தேடப்படும். அங்கு இல்லையேல் மேல்வகுப்பிலும், அங்கும் இல்லையேல் அதற்கும் மேலும் தேடப்படும். எதுவும் கைமாறுவதில்லை. சொத்து மேல்வகுப்பிடமே இருக்கிறது. கீழ்வகுப்பு தேவை நேரும்போதெல்லாம் அங்குச் சென்று அதனைப் பயன்படுத்துகிறது.

சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப், மேல்வகுப்பு, கீழ்வகுப்பு என்னும் சொற்கள் குழப்பம் தருவன எனக் கருதி, ‘அடிப்படை வகுப்பு’, ‘தருவிக்கப்பட்ட வகுப்பு’ என்னும் சொற்களைத் தெரிந்தெடுத்தார். கீழ்வகுப்பு எனப்படுவதில் மேல்வகுப்பைவிட மிகுதியான உறுப்புகள் இருப்பதே குழப்பத்திற்குக் காரணம். கலைச்சொல் கருத்தை மறைக்கக்கூடும் என்பதை மொழி வடிவமைப்பாளரே உணர்ந்து செயற்பட்டதற்கு இது தக்க சான்று. நம் பாடநூல்கள் சி++ மொழியைப் பின்பற்றி ‘அடிப்படை’, ‘தருவித்தல்’ என்னும் சொற்களை ஏற்றுள்ளன. அவற்றின் தெளிவை ‘இனக்குழு’, ‘மரபுரிமம்’ என்னும் சொற்களின் அருகமைவு குறைத்துவிடுகிறது.

3. பதிலீடு: ஒத்திருத்தலும் ஈடாக நிற்றலும்

தருவிக்கப்பட்ட வகுப்பின் பொருளை, அடிப்படை வகுப்பின் பொருள் வேண்டப்படும் எவ்விடத்திலும் அளிக்கலாம் என்பது ஜாவா முதலிய மொழிகளின் விதி. நிரல்பெயர்ப்பி இதனைத் தடுப்பதில்லை. ஆனால் அளிக்கப்பட்ட பொருள் அவ்விடத்திற்குரிய நடத்தையை உடையதா என்பதை நிரல்பெயர்ப்பி அறியாது. பார்பரா லிஸ்கோவ் 1987ஆம் ஆண்டில் ஆற்றிய உரையிலும், ஜெனட் விங்குடன் இணைந்து 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலும் வலியுறுத்தியது இதனையே. துணைவகை என்னும் தகுதி உறுப்புகளின் ஒப்புமையால் வருவதன்று. நடத்தையின் இயைபால் வருவது.

ஜாவாவின் முதற்பதிப்பு முதல் இருந்துவரும் ‘ஸ்டேக்’ என்னும் வகுப்பு இந்நெறிக்கு மாறான தெளிவான சான்று. ஸ்டேக் என்பது அடுக்கு. கடைசியில் வைத்ததே முதலில் எடுக்கப்படும் என்பது அதன் இலக்கணம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து எடுப்பதைப் போன்றது அது. ஆனால் அவ்வகுப்பு ‘வெக்டர்’ என்னும் வரிசைப்பட்டியல் வகுப்பிலிருந்து தருவிக்கப்பட்டுள்ளது. வெக்டரில் எந்த இடத்திலும் உறுப்பைச் செருகலாம். எந்த இடத்திலிருந்தும் நீக்கலாம். அச்செயற்கூறுகள் அனைத்தும் அடுக்கிற்கும் வந்துவிடுகின்றன. ஆகவே அடுக்கின் அடியில் ஓர் உறுப்பைச் செருகுவதை மொழி அனுமதிக்கிறது. அடுக்கின் இலக்கணத்தை மீறும் உரிமை, மரபுரிமத்தின் வழியாகவே அடுக்கிற்குக் கிடைக்கிறது.

‘பிராப்பர்டீஸ்’ என்னும் வகுப்பின் நிலையும் இத்தகையதே. அமைப்பு விவரங்களைப் பெயர், மதிப்பு இணைகளாக வைத்திருக்கும் அவ்வகுப்பில் இரண்டும் எழுத்துச்சரங்களாகவே இருத்தல் வேண்டும். ஆனால் அது எவ்வகைப் பொருளையும் ஏற்கும் ‘ஹேஷ்டேபிள்’ வகுப்பிலிருந்து தருவிக்கப்பட்டுள்ளது. ஆதலின் பொதுச் செயற்கூற்றைப் பயன்படுத்தி எண்ணையோ வேறு பொருளையோ அதனுள் இடலாம். இட்ட இடத்தில் பிழை தோன்றாது. பின்னர் அவ்விவரங்களைக் கோப்பில் சேமிக்க முற்படும்போதே தோன்றும். அப்பொதுச் செயற்கூறுகளைப் பயன்படுத்தாதிருக்குமாறு ஜாவாவின் அலுவல்முறை ஆவணமே அறிவுறுத்துகிறது. மொழியின் இலக்கணம் அனுமதிப்பதை ஆவணத்தின் அறிவுரை தடுக்க முயல்வது வடிவமைப்பின் குறைபாட்டையே காட்டுகிறது.

இவ்விரு வகுப்புகளிலும் வடிவமைப்பாளர் நாடியது ஏற்கெனவே எழுதப்பட்ட நிரலின் பயனை. அதனோடு, நாடாத பதிலீட்டுத் தகுதியும் வந்து சேர்ந்தது. வில்லியம் குக், வால்டர் ஹில், பீட்டர் கேனிங் ஆகியோர் மரபுரிமமும் துணைவகையாதலும் வேறு வேறு என்று 1990ஆம் ஆண்டிலேயே கோட்பாட்டு அடிப்படையில் நிறுவினர். நடைமுறை மொழிகளிலும் இப்பிரிவினைக்குச் சான்றுகள் உள்ளன. சி++ மொழியின் தனிநிலை மரபுரிமம் நிரலின் பயனை மட்டும் தருகிறது. பதிலீட்டுத் தகுதியை வெளியார்க்குத் தருவதில்லை. ஜாவாவின் இடைமுகமோ, தொடக்க வடிவில், பதிலீட்டுத் தகுதியை மட்டும் தந்தது, நிரலைத் தரவில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று அமையக்கூடும் எனில் அவ்விரண்டும் ஒன்றல்ல என்பது தெளிவு. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 8 இடைமுகத்திற்குள்ளும் இயல்புநிலைச் செயற்கூறுகளை அனுமதித்து, இவ்வெல்லையை ஓரளவு மங்கச் செய்தது.

4. சார்பு: முடிவுறாத பெறுதல்

பெறுதல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது என்னும் எதிர்பார்ப்பு எவ்வாறு பொய்க்கிறது என்பதை அடுத்துக் காணலாம். ஜோஷுவா பிளாக் தம் ஜாவா நூலில் 2001ஆம் ஆண்டில் விளக்கிய ஒரு சிக்கலைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விரித்துரைக்கலாம்.

நூலகம் ஒன்றில் புதிதாகச் சேரும் நூல்களின் பதிவெண்களைத் தொகுக்க ஒரு வகுப்பு எழுதப்படுவதாகக் கொள்வோம். அது ஜாவாவின் ‘ஹேஷ்செட்’ என்னும் கண வகுப்பிலிருந்து தருவிக்கப்படுகிறது. எத்தனை முறை சேர்ப்பு நிகழ்ந்தது என்றும் அது எண்ணவேண்டும். ஹேஷ்செட்டில் ஒன்றைச் சேர்க்க ‘ஆட்’, பலவற்றை ஒருங்கே சேர்க்க ‘ஆட்ஆல்’ என்று இரு செயற்கூறுகள் உண்டு. நிரலர் இரண்டையும் மாற்றி எழுதுகிறார். முன்னதில் எண்ணிக்கையை 1 கூட்டுகிறார். பின்னதில் வந்த நூல்களின் தொகையைக் கூட்டுகிறார். பின்பு இரண்டிலும் சேர்க்கும் பணியை அடிப்படை வகுப்பிடம் ஒப்படைக்கிறார். 3 நூல்களை ஒருங்கே சேர்த்தால் எண்ணிக்கை 3 ஆக வேண்டும். ஆனால் கிடைப்பது 6.

காரணம் ஹேஷ்செட்டின் உள்ளமைப்பில் இருக்கிறது. அதன் ‘ஆட்ஆல்’ ஒவ்வோர் உறுப்புக்கும் ‘ஆட்’ என்பதையே அழைக்கிறது. அவ்வழைப்பு அடிப்படை வகுப்பின் ‘ஆட்’ செயற்கூற்றுக்குச் செல்லாமல், நிரலர் மாற்றி எழுதிய ‘ஆட்’ செயற்கூற்றுக்கே வந்துசேர்கிறது. ஆகவே ஒவ்வொரு நூலும் இருமுறை எண்ணப்படுகிறது. இதே நிரலை ‘அரேலிஸ்ட்’ என்னும் பட்டியல் வகுப்பிலிருந்து தருவித்து எழுதினால் விடை 3 எனச் சரியாகவே வரும். அரேலிஸ்டின் ‘ஆட்ஆல்’ உறுப்புகளை மொத்தமாகப் படியெடுக்கிறது. ‘ஆட்’ என்பதை அழைப்பதில்லை. நிரலர் எழுதிய வரிகள் ஒன்றே, பெயர்களும் ஒன்றே. விடையை மாற்றியது அடிப்படை வகுப்பின் மறைவான உள்ளமைப்பு.

ஹேஷ்செட்டின் இயல்பை அறிந்துகொண்ட நிரலர், ‘ஆட்ஆல்’ செயற்கூற்றை மாற்றி எழுதாமல் விட்டுவிடலாம். அப்போது விடை 3 ஆகிவிடும். ஆனால் அச்சரியான விடையும் அடிப்படை வகுப்பு தன் உள்ளமைப்பை மாற்றாதிருக்கும் வரையில்தான். நாளை அது அரேலிஸ்டைப் போல மொத்தமாகச் சேர்க்கத் தலைப்பட்டால் எண்ணிக்கை 0 ஆகிவிடும். தருவிக்கப்பட்ட வகுப்பில் ஓர் எழுத்தும் மாறியிராது. அடிப்படை வகுப்பின் நொய்மை எனப்படும் இச்சிக்கலின் வேரை ஆலன் ஸ்னைடர் 1986ஆம் ஆண்டிலேயே சுட்டினார். உள்ளமைப்பை மறைத்துப் புறத்தோற்றத்தை மட்டும் காட்டுவது உறைபொதியாக்கம். மரபுரிமமோ அம்மறைப்பைத் தருவிக்கும் வகுப்பின் பொருட்டுக் குலைக்கிறது. பாடநூல்களில் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தூண்களாக அருகருகே வைக்கப்படும் இவ்விரு கருத்துகளும் உண்மையில் ஒன்றையொன்று நெருக்குபவை. இம்முரண் கற்பிக்கப்படுவதில்லை.

இம்முரணுக்கு எரிக் காமா முதலிய நால்வர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவமைப்புத் தோரணிகள் நூல் கூறும் தீர்வு, வகுப்பைத் தருவிப்பதற்கு மாறாகப் பொருளை உறுப்பாகக் கொள்ளுதல். மேற்கண்ட எடுத்துக்காட்டில், நூற்பதிவு வகுப்பு தன்னுள் ஒரு ஹேஷ்செட்டை வைத்துக்கொண்டு அதனிடம் பணியை ஒப்படைத்தால், ஹேஷ்செட் தனக்குள் எதை அழைத்தாலும் எண்ணிக்கை பிழைபடாது. அடுக்கும் தன்னுள் ஒரு வெக்டரை வைத்துக்கொண்டிருந்தால் அதன் இலக்கணம் காக்கப்பட்டிருக்கும். தனிக்குடித்தனம் செல்பவர் அடுப்புமுதல் எல்லாவற்றையும் தாமே அமைத்துக்கொள்வதைப் போல, இம்முறையில் தேவையான ஒவ்வொரு செயற்கூற்றையும் வெளிப்படையாக எழுதவேண்டியிருக்கும். அவ்வுழைப்பே சார்பிலிருந்து விடுபடுவதற்கான விலை.

5. மரபுரிமம் பொருந்தும் இடங்கள்

இக்குறைபாடுகளால் மரபுரிமம் பயனற்றது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஜாவாவின் விதிவிலக்கு வகுப்புகள் அதன் பயனைக் காட்டும். கோப்பு கிடைக்காமைக்குரிய வகுப்பு உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைக்குரிய வகுப்பிலிருந்தும், அது பொதுவான விதிவிலக்கு வகுப்பிலிருந்தும் தருவிக்கப்பட்டுள்ளன. உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையைக் கையாள எழுதப்பட்ட நிரல் கோப்பு கிடைக்காமையையும் பிசகின்றிக் கையாளும். இங்கு முதன்மை பெறுவது பதிலீடு. மாற்றி எழுதப்படும் செயற்கூறுகள் மிகக் குறைவு. ஆதலால் சார்பினால் வரும் இடரும் குறைவு. இரு உறவுகளும் முரணின்றி ஒன்றும் இடத்தில் மரபுரிமம் சிறக்கிறது என்று இதனைப் பொதுமைப்படுத்தலாம்.

பிற்கால மொழிகளின் போக்கும் நோக்கத்தக்கது. கோட்லின் மொழியில் எந்த வகுப்பும் இயல்பாக மூடப்பட்டதே. தருவிக்க இசைவு இருப்பின் அதனை வெளிப்படையாக எழுதவேண்டும். 2021ஆம் ஆண்டின் ஜாவா 17, எந்தெந்த வகுப்புகள் தன்னிலிருந்து தருவிக்கப்படலாம் என அடிப்படை வகுப்பே பெயர் குறிக்கும் வசதியை நிலைப்படுத்தியது. கோ, ரஸ்ட் ஆகிய மொழிகள் வகுப்பு மரபுரிமத்தையே கைவிட்டன. தருவிப்பவரின் உரிமையாகக் கருதப்பட்டது, அடிப்படை வகுப்பை எழுதுபவர் ஆராய்ந்து வழங்கும் இசைவாக மாறிவருகிறது. அவ்வகையில் ‘உரிமம்’ என்னும் சொல்லின் இன்றைய வழக்குப் பொருளாகிய இசைவாணை, கலைச்சொல்லாக்கியோர் எண்ணியிராத வகையில் இங்குப் பொருந்துகிறது.

6. கற்பித்தலும் கலைச்சொல்லும்

நம் வகுப்பறைகளில் மரபுரிமம் பெரும்பாலும் வகைப்பாட்டின் வழியாகக் கற்பிக்கப்படுகிறது. ஒருவழி, பலவழி, பலநிலை, படிமுறை, கலப்பு என்று வகைகளைப் படம் வரைந்து விளக்குவது தேர்வு வினாவாகவும் அமைகிறது. இவ்வகைப்பாடு அம்புக்குறிகளின் வடிவத்தைப் பற்றியது. உறவின் இயல்பைப் பற்றியதன்று. ஐந்து படங்களையும் பிழையின்றி வரையும் மாணவர், வெக்டர் வேண்டப்படும் இடத்தில் அடுக்கை அளித்தால் எது குலையும் என்னும் வினாவை ஒருபோதும் எதிர்கொள்ளாமலே பட்டம் பெற்றுவிடக்கூடும். தமிழ்வழிப் பயின்றோர்க்கு இதன் விளைவு கடுமையானது. கலைச்சொல்லின் உருவகத்தைத் திருத்திக்கொள்ள உதவும் மாற்று விளக்க நூல்கள் அவர்களுக்குத் தமிழில் அரிது.

ஆகவே இரண்டு பரிந்துரைகளை முன்வைக்கலாம். ஒன்று, மரபுரிமம் என்பதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, அதன் உட்கூறுகளை ‘நீட்டிப்பு’, ‘பதிலீடு’ என்று பெயரிட்டுப் பிரித்துக் கற்பித்தல். நிரலைச் சார்ந்து வளர்வது நீட்டிப்பு. ஈடாக நிற்பது பதிலீடு. ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் இவற்றுள் எது நாடப்படுகிறது என்று கேட்கும் பழக்கம் இதனால் உருவாகும். மற்றொன்று, தந்தை, மகன் எடுத்துக்காட்டைக் கைவிட்டு, மொழியின் நிரல் நூலகத்திலிருந்தே எடுத்துக்காட்டுகளைக் கொள்ளுதல். அடுக்கும் கணமும் மாணவர் தாமே இயக்கிப் பார்க்கத்தக்கவை. 3 என எதிர்பார்த்த இடத்தில் 6 வருவதைக் கண்டவர் சார்பின் பொருளை மறவார். ‘இனக்குழு’ என்பதற்கு மாற்றாக, முன்பே வழக்கில் உள்ள ‘வகுப்பு’ என்னும் சொல்லை ஏற்பது குருதியுறவு உருவகத்தைத் தளர்த்த உதவும்.

முடிவுரை

மரபுரிமம் என்னும் பெயர் சுட்டும் செயல்முறை கைமாறி முடியும் உடைமை அன்று. அடிப்படை வகுப்பு இயங்கும் காலமெல்லாம் நீடிக்கும் சார்பு அது. அது ஒப்புமையோடு நில்லாமல் பதிலீட்டையும் கடமையாக்குகிறது. முன்னொட்டு என்னும் நடுநிலைப் பெயருடன் தோன்றிய அம்முறை, உறவுப் பெயர் பெற்றபின் இவ்விரு பண்புகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. தமிழ்க் கலைச்சொற்கள் அதனை மேலும் ஆழமாக மறைத்தன. கலைச்சொல்லாக்கத்தில் சொல்லின் அழகையும் தமிழ்மையையும் ஆராய்வதோடு, அச்சொல் கற்பவரை எப்பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். உறைபொதியாக்கம், பல்லுருவாக்கம் முதலிய பிற சொற்களையும் இவ்வளவுகோலால் ஆராய்வது அறிவியல் தமிழ் ஆய்வுக்குரிய அடுத்த பணி.